வாம்பயர் காதல் கதையை நாயகன் வாயால் திருப்பிச் சொல்வது: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நாயகி சொன்ன வாம்பயர் (ரத்தம் குடித்து வாழும், சாகாத பிறவி) காதல் கதையை நாயகன் வாயால் மறுபடி சொல்ல உட்காருகிறவர்களில் பலர் மூன்றாவது அத்தியாயத்தோடு நின்றுபோகிறார்கள். திறமைக் குறைவு காரணமில்லை. "கதைதான் ஏற்கெனவே இருக்கிறதே, 'அவன்' இருக்கிற இடத்தில் 'நான்' போட்டால் முடிந்தது" என்ற நினைப்பில் தொடங்குவதுதான் காரணம். உண்மையில் இது சொந்தக் கதை எழுதுவதைவிடக் கூடுதல் கணக்குப் பார்க்க வேண்டிய வேலை. நாள், நேரம், வசனம், யார் எங்கே நின்றார்கள் என்பதெல்லாம் முன்பே பூட்டப்பட்டவை. பூட்டாமல் விட்ட இடங்களைத் தேடிப் பிடித்து, அங்கே கதையை வளர்ப்பதுதான் உங்கள் பங்கு.

உதாரணத்துக்கு ஸ்டெஃபனி மேயரின் 'ட்வைலைட்' கதையையே எடுத்துக்கொள்வோம். நாயகி சொல்லும் அந்த நாவல் 2005 அக்டோபரில் வந்தது. அதே கதையை நாயகன் எட்வர்ட் சொல்லும் 'மிட்நைட் சன்' 2020 ஆகஸ்ட் 4-ம் தேதி வந்தது. நடுவில் 2008-ல் முடிக்காத கைப்படி இணையத்தில் கசிய, கையில் இருந்த 12 அத்தியாயங்களை ஆசிரியரே தன் தளத்தில் போட்டுவிட்டு அந்த வேலையை நிறுத்திவைத்தார். கதையைப் படைத்தவருக்கே இவ்வளவு இழுத்த வேலை என்பதை மனதில் வைத்துக்கொண்டு திட்டம் போடுங்கள்.

1. எழுதும் முன் உரிமையைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

உங்கள் கதையைச் சும்மா வாசிக்கக் கொடுக்கப் போகிறீர்களா, விற்கப் போகிறீர்களா? இதை முதல் நாளே முடிவு செய்யுங்கள். பாதி எழுதியபின் மாற்றுவது மிகக் கடினம்.

விற்பதாக இருந்தால், பதிப்புரிமை தீர்ந்த மூலத்தை எடுப்பதே பாதுகாப்பு. இந்தியாவில் கணக்கு எளிது: ஆசிரியர் இறந்த ஆண்டோடு 60-ஐக் கூட்டுங்கள், அந்த ஆண்டின் டிசம்பர் 31 வரை உரிமை உண்டு. வெளிநாட்டு வாசகர்களுக்கும் விற்பீர்கள் என்றால் 60 போதாது. பல நாடுகளில் இது 70 ஆண்டு. 1819-ல் வந்த ஜான் பாலிடோரியின் 'தி வாம்பயர்', 1871-72-ல் தொடராக வந்த ஷெரிடன் லெ ஃபானுவின் 'கார்மில்லா', 1897-ல் வந்த பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' ஆகிய மூன்றும் எல்லாக் கணக்கிலும் தீர்ந்தவை. இவற்றில் பாலிடோரியின் கதை இந்த வேலைக்கு நன்றாகத் தோதுப்படும். அதில் வரும் பிரபுவின் மனதுக்குள் என்ன நடக்கிறது என்று மூலத்தில் எங்கும் சொல்லப்படவில்லை, அந்த இடம் முழுக்க உங்களுக்குக் காலியாகக் கிடக்கிறது.

உரிமை உள்ள கதையை எடுத்தால், அது ரசிகர் புனைவாகவே (ஃபேன் ஃபிக்ஷன்) இருக்கட்டும். பணம் வாங்காதீர்கள். 'ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்' போன்ற தளங்களில் கதைக்கு அடியில் நன்கொடை இணைப்பு போடுவதுகூட விதிமீறல், கணக்குக்கே ஆபத்து. அங்கே கணக்குத் தொடங்க அழைப்பு வேண்டும். மின்னஞ்சல் கொடுத்து வரிசையில் காத்திருக்க வேண்டியிருக்கும் என்பதால், எழுதத் தொடங்கும்போதே பதிந்து வையுங்கள்.

இங்கே இரண்டு பொறிகள் உண்டு. முதலாவது, "பேரை மாற்றிவிட்டால் போதும்" என்ற நம்பிக்கை. 1922-ல் ஜெர்மனியில் எடுத்த 'நோஸ்ஃபெராட்டு' படத்தில் டிராகுலாவின் பெயரை ஆர்லோக் என்று மாற்றினார்கள். ஸ்டோக்கரின் மனைவி வழக்குப் போட்டார், படச்சுருள்களை அழிக்கும்படி தீர்ப்பு வந்தது. இரண்டாவது, "நான் தமிழில்தானே எழுதுகிறேன்" என்ற நம்பிக்கை. 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி மொழிபெயர்க்கும் உரிமையும் மூல ஆசிரியருடையதுதான். ஆங்கில வசனத்தை வரிக்கு வரி தமிழாக்கி வைத்தால் அதுவும் அந்த உரிமைக்குள் கை வைப்பதுதான்.

2. செலவும் காலமும்

மூல நூலில் இரண்டு படி வாங்குங்கள். ஒன்று கோடு போட்டுக் கிழிய, இன்னொன்று சுத்தமாக வாசிக்க. நான்கு நிறப் பென்சில், ஒரு விரிதாள் (ஸ்ப்ரெட்ஷீட்) மென்பொருள், ஒரு எழுதும் மென்பொருள். கடைசி இரண்டும் இலவசமாகவே கிடைக்கும், லிப்ரே ஆபீஸ் போதும்.

காலத்தை இப்படிப் பிரியுங்கள்: வாசிப்புக்கு 3 வாரம், அட்டவணைக்கு 2 வாரம். தினம் 500 சொல், வாரம் 5 நாள் என்று வைத்தால் 60,000 சொல்லுக்கு 24 வாரம். பிறகு 4 வாரம் கோப்பைத் திறக்கவே கூடாது. திருத்தத்துக்கு 8 வாரம். மொத்தம் 41 வாரம், அதாவது ஏறத்தாழ ஒன்பதரை மாதம். முதல் ஐந்து வாரத்தில் ஒரு வரிகூட எழுதாமல் இருப்பது பலருக்குப் பொறுக்காது. பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த ஐந்து வாரத்தைத் தாண்டிக் குதித்தவர்கள்தான் பாதியில் காலத்தையும் வசனத்தையும் குழப்பிக்கொண்டு நிற்கிறார்கள்.

ஆங்கில நாவலின் சொல் எண்ணிக்கையை இலக்காக வைக்காதீர்கள். "போயிருக்கவேண்டியதில்லை" என்பது தமிழில் ஒரே சொல். ஆங்கிலத்தில் அதற்கு நாலைந்து சொல் வேண்டும். அதே அளவு கதை தமிழில் குறைந்த எண்ணிக்கையில் முடிந்துவிடும், அதைப் பார்த்துப் பதறி இழுத்து எழுத வேண்டாம்.

3. மூலத்தை நான்கு தடவை வாசியுங்கள்

ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு விஷயத்தைத் தேடி வாசிக்க வேண்டும்.

முதல் வாசிப்பில், நீல நிறத்தில், காலம்: கிழமை, மணி, "மறுநாள்", "இரண்டு வாரம் கழித்து", வெயில், மழை.

இரண்டாவதில், சிவப்பில், நாயகனும் நாயகியும் சேர்ந்திருக்கும்போது பேசப்பட்ட ஒவ்வொரு வசனமும். நாயகன் இல்லாத இடத்தில் பேசப்பட்டதற்கு அடியில் புள்ளிக்கோடு மட்டும் போடுங்கள்.

மூன்றாவதில், பச்சையில், நாயகி அவன் உடம்பில் பார்த்தவை. கை முறுக்கியது, தாடை இறுகியது, சிரிப்பை அடக்கியது, கண்ணின் நிறம். இதுதான் மிக முக்கியமான வாசிப்பு. அவள் பார்த்ததற்கெல்லாம் உங்களிடம் காரணம் இருக்க வேண்டும். அவள் ஊகித்த காரணம் தப்பாக இருக்கலாம், ஆனால் அவள் பார்த்தது தப்பாக இருக்கக்கூடாது. "அப்போது என் கை முறுக்கவே இல்லை" என்று நாயகனை வைத்து எழுதினால் வாசகருக்கு இரண்டு புத்தகத்தின் மேலும் நம்பிக்கை போய்விடும்.

நான்காவதில், மஞ்சளில், அவன் காணாமல் போகும் இடங்கள். அவன் வராத நாள், பாதியில் எழுந்து போன வகுப்பு, "எங்கே போயிருந்தாய்?" என்ற கேள்விக்குக் கிடைத்த மழுப்பல். மஞ்சள் அதிகம் உள்ள பக்கம்தான் உங்கள் புத்தகத்தின் கனமான அத்தியாயம்.

'ட்வைலைட்' முதல் நாளையே பாருங்கள். உயிரியல் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்த பையன் விறைத்துப்போகிறான், கறுத்த கண்ணால் முறைக்கிறான், மணி அடித்ததும் பறந்துவிடுகிறான். அதன்பின் ஒரு வாரம் பள்ளிக்கே வரவில்லை. நாயகிக்கு அந்த வாரம் சில வரிகள். நாயகனுக்கு அது கொலையின் விளிம்புவரை போய், ஊரைவிட்டு அலாஸ்காவுக்கு ஓடி, திரும்பி வரலாமா வேண்டாமா என்று தவித்த வாரம்.

4. அட்டவணை: உங்கள் மூல ஆவணம்

விரிதாளில் எட்டுப் பத்திகள் (மேலிருந்து கீழே போகும் கட்டங்கள்): தேதி, மணி, இடம், வெளிச்சம், மூலப் பக்க எண், நாயகிக்குத் தெரிந்தது, நாயகனுக்குத் தெரிந்தது, அவன் பசி. ஒரு காட்சிக்கு ஒரு வரிசை. ஒரு நாவலுக்கு 80 முதல் 120 வரிசை வரும்.

பசிப் பத்தியை அலட்சியம் செய்யாதீர்கள். மேயரின் உலகத்தில் வேட்டையாடிய பின் கண் பொன்னிறம், நாள் ஆக ஆகக் கறுக்கும். நாயகி கண்ணின் நிறத்தை எழுதும்போதெல்லாம் அவன் எப்போது கடைசியாக வேட்டைக்குப் போனான் என்ற தேதியைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு அழகுக் குறிப்பு, உங்களுக்கு நாள்காட்டி. பொன்னிறம் என்று அவள் சொன்ன நாளில் தொண்டை எரிகிறது என்று பக்கம் பக்கமாக எழுதினால் கணக்கு உதைக்கும். உங்கள் மூலத்தில் வேறு அடையாளம் இருக்கலாம். வெளிறிய உதடு, குளிர்ந்த கை, எதுவானாலும் இப்படியே வரிசைப்படுத்துங்கள்.

வெளிச்சப் பத்தியும் அப்படித்தான். 'ட்வைலைட்' கதை நடக்கும் ஃபோர்க்ஸ், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒலிம்பிக் தீபகற்பத்தில் உள்ள நிஜ ஊர். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை, வெயிலைத் தவிர்க்க வேண்டியவர்கள் அங்கே குடியேறக் காரணமே அந்த மேகமூட்டம். வட அட்சம் 48-ஐ ஒட்டிய ஊர் என்பதால் ஜனவரி நடுவில் காலை 8 மணி அளவில்தான் விடியும், மாலை 5 மணிக்குள் சூரியன் போய்விடும். ஜூனிலோ இரவு 9 மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். நம் ஊர்க் கணக்கில் "ஆறரை மணி, இருட்டிவிட்டது" என்று எழுதிவிட்டால் ஜூன் மாதக் காட்சி அங்கேயே விழுந்துவிடும். எழுதும் தேதிக்கும் ஊருக்கும் சூரிய உதய, மறைவு நேரத்தை ஒவ்வொரு வரிசைக்கும் பார்த்துப் போடுங்கள்.

கடிகாரத்தில் இன்னொரு பொறி. கதை ஃபோர்க்ஸிலிருந்து அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகருக்குத் தாவுகிறது. ஃபீனிக்ஸில் கோடைக்கால நேரமாற்றம் (கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளிவைப்பது) கிடையாது. வாஷிங்டனில் உண்டு. 2005-ல் அந்த மாற்றம் ஏப்ரல் 3-ம் தேதிதான் தொடங்கியது. மார்ச் இரண்டாம் ஞாயிறு என்ற விதி 2007-ல் வந்தது. ஆகவே கதை 2005-ல் நடப்பதாக வைத்தால் மார்ச் 20-ம் தேதி ஃபீனிக்ஸ் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். இன்றைய விதியை வைத்துப் பார்த்தால் இரண்டு ஊரிலும் ஒரே மணி. நாயகி ஆபத்தில் இருக்க, நாயகன் விமானத்தில் விரையும் காட்சியில் இந்த ஒரு மணி நேரம் உயிரா சாவா என்கிற விஷயம்.

5. சக்திகளுக்கு ஒரு பக்க விதித்தாள்

நாயகி பார்வையில் சக்தி ஒரு மர்மம். நாயகன் பார்வையில் அது தினசரிக் கருவி. கருவிக்கு அளவு, எல்லை, விலை மூன்றும் தெரிய வேண்டும். ஒவ்வொரு சக்திக்கும் நான்கு வரி எழுதுங்கள்: என்ன செய்யும், எவ்வளவு தூரம், எதில் தோற்கும், பயன்படுத்தினால் என்ன இழப்பு.

எட்வர்டுக்குப் பிறர் மனதில் ஓடுவது கேட்கும். நாயகியின் மனம் மட்டும் கேட்காது. இந்த ஒரு ஓட்டைதான் முழு நாவலையும் தாங்குகிறது. எல்லாம் தெரிந்தவன் கதை சொன்னால் எதிர்பார்ப்பு இருக்காது, அவனுக்கும் ஒரு இருட்டு வேண்டும். உங்கள் நாயகனுக்கு இருக்கும் சக்தி எதுவானாலும், அது நாயகியிடம் எங்கே செல்லாமல் போகிறது என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

அடுத்து அட்டவணையின் "நாயகனுக்குத் தெரிந்தது" பத்தியை மேலிருந்து கீழே ஓட்டிப் பாருங்கள். 40-வது வரிசையில் வில்லன் வந்து அவன் அதிர்ச்சி அடைகிறான் என்றால், 35-வது வரிசையில் வில்லன் காதுக்கெட்டும் தூரத்தில் இருந்தானா? இருந்தால் அதிர்ச்சி பொய். தூரத்தைக் கூட்டுங்கள், அல்லது கூட்டத்தின் இரைச்சலில் தவறவிட வையுங்கள், அல்லது கவனம் முழுக்க நாயகியின் இதயத்துடிப்பில் இருந்தது என்று காட்டுங்கள். மூன்றாவது வழிதான் நல்லது, தவறு அவனுடையதாகிறது.

6. பொதுக் காட்சியை எழுதும் முறை

பொதுக் காட்சி என்றால் நாயகனும் நாயகியும் சேர்ந்திருக்கும் காட்சி. அதில் நடந்தது மாறக்கூடாது, நடந்ததற்கான காரணம் மட்டும் புரள வேண்டும். ஒரு சின்ன மாதிரி. நாயகி சொல்வது இது:

"நூலகப் படியில் குடையை மறந்துவிட்டேன். திரும்பினால் அவன். குடையின் நுனியைப் பிடித்து என்னிடம் நீட்டினான். முகத்தில் எரிச்சல். 'மழை வரும்' என்றான், என்னைப் பார்க்காமலே."

புதிதாக எழுதுகிறவர் பெரும்பாலும் இப்படித் திருப்புவார்:

"அவள் குடையை மறந்துவிட்டாள். நான் அதன் நுனியைப் பிடித்து நீட்டினேன். அவள்மேல் எனக்கு அளவில்லாத காதல், ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. எரிச்சல்போல் முகத்தை வைத்துக்கொண்டு 'மழை வரும்' என்றேன்."

இதில் புதிதாக ஒன்றுமே இல்லை. வாசகருக்கு ஏற்கெனவே தெரிந்த காதலைப் பெயர் சொல்லிக் காட்டியதோடு சரி. இப்படி எழுதிப் பாருங்கள்:

"கைப்பிடியில் அவள் உள்ளங்கைச் சூடு இன்னும் மிச்சமிருந்தது. அதனால் நுனியைப் பிடித்தேன். மொத்தம் ஏழு படி. ஏழும் இறங்கும்வரை மூச்சை உள்ளே இழுக்கவில்லை, முகம் இறுகியது. அவளைப் பார்க்கவில்லை. பேசக் காற்று வேண்டும், நெஞ்சில் இருந்தது இரண்டு சொல்லுக்குத்தான் காணும். 'மழை வரும்.'"

நுனியைப் பிடித்தது, முகம் இறுகியது, சுருக்கமாகப் பேசியது, பார்க்காதது எல்லாமே அப்படியே இருக்கின்றன. நாயகிக்கு எரிச்சலாகத் தெரிந்தது மூச்சடக்கிய முகம். காதல் என்ற சொல்லே வரவில்லை. பச்சைக் கோடு போட்ட ஒவ்வொன்றுக்கும் இப்படி உடம்போடு ஒட்டிய ஒரு காரணத்தைத் தேடுங்கள்.

வசனங்களை ஒரு தனிக் கோப்பில் ஒரே தடவை எழுதி உறையவைத்துவிடுங்கள். காட்சி எழுதும்போது அங்கிருந்து எடுத்து ஒட்ட வேண்டும். நினைவிலிருந்து எழுதினால் "வரும்", "வரப்போகிறது" ஆகிவிடும். அந்தக் கதையில் ஊறிய வாசகர்கள் உடனே பிடித்துவிடுவார்கள்.

7. இடைவெளிகளில்தான் உங்கள் புத்தகம் இருக்கிறது

நாயகி தூங்குகிறாள். மேயரின் வாம்பயர் தூங்குவதில்லை. அவளுக்கு ஒரு நாளில் 16 மணி நேரக் கதை, அவனுக்கு 24. 'ட்வைலைட்' 24 அத்தியாயமும் ஒரு முடிவுரையும். 'மிட்நைட் சன்' 29 அத்தியாயமும் முடிவுரையும். அந்தக் கூடுதல் பக்கங்கள் பெரும்பாலும் அவள் இல்லாத நேரத்துக்கும், பிறர் மனதில் அவன் கேட்டதற்கும் போயிருக்கின்றன.

பொதுக் காட்சிகளுக்கு 40 பங்கு, இடைவெளிகளுக்கு 60 பங்கு என்று வைத்துத் தொடங்குவது நல்லது. தலைகீழாகப் போனால் வாசகர் பக்கத்தைத் தள்ளத் தொடங்குவார்.

முடிவு எல்லோருக்கும் தெரியும் என்பதால் "என்ன ஆகும்" என்ற கேள்வி உங்களுக்கு உதவாது. "இதைச் செய்ததற்கு அவன் யாரிடம் என்ன விலை கொடுத்தான்" என்ற கேள்விதான் உதவும். பள்ளியின் வாகன நிறுத்துமிடத்தில் வேன் சறுக்கி வரும்போது அவளைக் காப்பாற்றுவான் என்று தெரியும். ஆனால் அன்று இரவு வீட்டில், ரகசியத்தை உடைத்ததற்காக, அந்தப் பெண்ணை உயிரோடு விடலாமா என்று குடும்பம் கூடிப் பேசுவது நாயகிக்குத் தெரியாது. அந்த உரையாடலுக்கு வேன் காட்சியைப்போல் இரண்டு மடங்கு இடம் கொடுக்கலாம்.

ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் மேலே ஒரே ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்: "இதில் அவன் எடுக்கும் முடிவு ____." வெற்றிடத்தை நிரப்ப முடியாத அத்தியாயத்தை அடுத்ததோடு சேர்த்துவிடுங்கள்.

8. தமிழில் எழுதும்போது மட்டும் வரும் சிக்கல்கள்

"கேட்டேன்" என்ற சொல் உங்களைப் பாடாய்ப் படுத்தும். தமிழில் காதால் கேட்பதும் கேட்பதுதான், கேள்வி கேட்பதும் கேட்பதுதான். மனம் அறியும் நாயகனுக்கு மூன்றாவதாக மனதைக் கேட்பதும் சேர்கிறது. "அவள் அண்ணனைப் பற்றிக் கேட்டேன்" என்றால் எது? பங்கு பிரித்துவிடுங்கள்: வாயால் கேள்வி என்றால் மட்டும் "கேட்டேன்", பேச்சு என்றால் "காதில் விழுந்தது", மனம் என்றால் "அவன் மனதில் ஓடியது". கடைசிவரை இதை மாற்றாதீர்கள்.

பிறர் மனதில் ஓடுவதை ஆங்கில நூல்களில் சாய்வெழுத்தில் போடுவார்கள். தமிழில் அது வேண்டாம். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் தனிச் சாய்வு வடிவம் கிடையாது, மென்பொருள் எழுத்தைப் பிடித்துச் சரித்துவிடும். நாலு வரிக்கு மேல் கண் வலிக்கும், கைப்பேசியில் இன்னும் மோசம். பேச்சுக்கு இரட்டை மேற்கோள், மன ஓட்டத்துக்கு ஒற்றை மேற்கோள் என்று வைத்தால் போதும்.

மன ஓட்டங்களுக்குத் தமிழ் ஒரு நல்ல வசதி தருகிறது. நாயகன் கதை சொல்வது எழுத்து நடை, பிறர் மனம் பேச்சு நடை. 'இவன் ஏன் இன்னைக்கு இப்படி இருக்கான்?' என்று ஒரு வரி வந்தாலே அது அவன் குரலில்லை என்று தெரிந்துவிடும். ஆனால் வட்டார வாடை அடிக்காத பேச்சு நடையாக இருக்கட்டும். அமெரிக்கச் சிற்றூர்ப் பையன் மதுரைத் தமிழில் யோசித்தால் காட்சி கலைந்துவிடும்.

நீயா, நீங்களா? ஆங்கில மூலத்தில் இந்தக் கேள்வியே இல்லை. வகுப்புத் தோழர்களுக்குள் "நீ" இயல்பு. ஆனால் எட்வர்ட் 1901-ல் பிறந்தவன், பழைய மரியாதை அவன் நாக்கில் ஊறியிருக்கும். "நீங்கள்" என்று தொடங்கி ஒரு இடத்தில் "நீ"க்கு வருவதாக வைத்தால் அந்த இடம் கதையிலேயே பெரிய தருணமாகும். அதை வசனக் கோப்பிலேயே குறித்துவையுங்கள், இரண்டு விதமும் கலந்து வந்தால் அந்தத் தருணமே செத்துப்போகும். நாயகியின் அப்பாவை அவன் மனதுக்குள்ளும் "அவர்" என்றே சொல்லட்டும்.

"வாம்பயர்" என்றே எழுதலாம். "ரத்தக்காட்டேரி" என்றால் எல்லோருக்கும் புரியும், ஆனால் காட்டேரி நம் ஊர்களில் கும்பிடும் தெய்வமாகவும் இருக்கிறது, அந்த நினைப்பு கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். நாயகியைக் கேலி செய்யும் தோழி வாயில் அந்தச் சொல் வரலாம், நாயகன் தன்னைச் சொல்லிக்கொள்ளும் சொல்லாக வேண்டாம்.

9. நாயகியை அவன் பார்க்கும் விதம்

இங்கேதான் நல்ல எழுத்துக்காரர்களும் சறுக்குகிறார்கள். "நான் தூங்கும்போது அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்" என்று நாயகி சொல்லும்போது வாசகர் அவள் மயக்கத்தின் வழியாகப் பார்க்கிறார். "சன்னலைத் திறந்து உள்ளே போனேன்" என்று அவன் சொல்லும்போது, அனுமதி இல்லாமல் ஒரு பெண்ணின் அறைக்குள் நுழைந்த ஆணின் வாக்குமூலம் அது. ஒரு நூற்றாண்டு கடந்தவன், 17 வயதுப் பெண். இதைப் பூசி மெழுக முடியாது, மெழுகவும் கூடாது. அவன் தனக்குச் சொல்லிக்கொள்ளும் சமாதானத்தை எழுதுங்கள், அந்தச் சமாதானம் போதாது என்பதையும் காட்டுங்கள். குடும்பத்தில் ஒருவராவது அதை முகத்துக்கு நேரே சொல்லட்டும். வாசகர் அவனை நேசிப்பதும் அவன்மேல் கோபப்படுவதும் ஒரே பக்கத்தில் நடக்கலாம்.

நாயகிக்கு 18 வயது நிரம்பவில்லை என்றால் பாலியல் காட்சி எழுதவே எழுதாதீர்கள். இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவில் குழந்தைகளை ஆபாசமாகச் சித்தரிக்கும் எழுத்தும் குற்றம். புனைவு என்ற சாக்கை நம்பி இறங்க வேண்டாம்.

அவளைப் புகழ்ந்துகொண்டே போவதும் ஒரு பொறி. "அவளைப்போல் யாருமில்லை" என்று நூறு தடவை எழுதினாலும் அவள் யாரென்று தெரியாது. அவளுக்கே தெரியாமல் அவள் செய்வதில் ஐந்தைக் குறியுங்கள்: சாப்பாட்டில் எதைக் கடைசியாக மிச்சம் வைக்கிறாள், பொய் சொல்லும்போது எங்கே பார்க்கிறாள். அந்த ஐந்தும் மூலத்தோடு மோதாமல் இருக்க வேண்டும். இவையே அவன் காதலுக்குச் சான்று.

நிஜ மக்களைப் பற்றியும் கவனம் வேண்டும். ஃபோர்க்ஸுக்கு அருகில் லா புஷ் என்ற இடத்தில் வாழும் கிலியூட் இனத்தார் உண்மையான மக்கள். வாம்பயர்களுக்கு எதிரிகளாக அவர்களை வைத்தது நாவலின் கற்பனை. அவர்கள் பெயரில் நீங்களாகப் புதுச் சடங்கு, புது நம்பிக்கை எதையும் உருவாக்கிச் சேர்க்காதீர்கள்.

10. வெளியிடும் முன்

இணை வாசிப்பு செய்யுங்கள். ஒரு நண்பர் மூல நூலை வைத்துக்கொள்ள, நீங்கள் உங்கள் படியின் பொதுக் காட்சிகளை மட்டும் உரக்க வாசியுங்கள். ஒரு உட்காரலில் பத்துக் காட்சிக்கு மேல் வேண்டாம், காது சோர்ந்துவிடும்.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பு மின்னூலில் குப்பையாகத் தெரியும். தொடக்கம் முதலே யூனிகோடில் தட்டுங்கள். அமேசானின் கிண்டிலில் தமிழ் மின்னூல் போடலாம். அங்கே 'கேடிபி செலக்ட்' என்ற தனியுரிமைத் திட்டத்தில் சேர்த்தால் 90 நாளுக்கு அதே மின்னூல் வேறு எந்தத் தளத்திலும் இருக்கக்கூடாது. நீங்களே இலவசமாகப் போட்டுவைத்த அத்தியாயங்களையும் முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும். பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது.

அச்சுப் புத்தகம் என்றால் ஐஎஸ்பிஎன் என்ற புத்தக அடையாள எண், ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையில் இணையவழி விண்ணப்பித்தால் கட்டணமில்லாமல் கிடைக்கும். பணம் கேட்கும் இடைத்தரகர் தேவையில்லை.

பதிப்புரிமைப் பதிவு கட்டாயமில்லை, எழுதிய கணமே உரிமை பிறந்துவிடும். வழக்கு வந்தால் சான்றாக உதவும் என்று பதிவதாக இருந்தால்: படிவம் 14, அதோடு சேர்ந்த இரண்டு விவர அறிக்கைகள், படைப்பின் படிகள், ஓர் இலக்கியப் படைப்புக்கு 500 ரூபாய் கட்டணம். டைரி எண் (விண்ணப்பத்துக்குத் தரும் எண்) வந்தபின் ஆட்சேபத்துக்காக 30 நாள் காத்திருக்க வேண்டும், அதன்பிறகே பரிசோதனை தொடங்கும். உரிமை தீராத கதையை அனுமதியின்றித் திருப்பிச் சொல்லியிருந்தால் இந்தப் பக்கமே போகாதீர்கள். அந்த ஆவணமே உங்களுக்கு எதிரான சான்றாகும்.

தொடராகப் போடுவதாக இருந்தால் கையில் குறைந்தது எட்டு அத்தியாயம் முடிந்திருக்கட்டும், வாரம் ஒன்று போதும். வாசகர் ஒரு முரணைச் சுட்டினால் அத்தியாயத்தைத் திறக்கும் முன் அட்டவணையைத் திறந்து, அந்த வரிசையைத் திருத்தி, அதனால் கீழே எத்தனை வரிசை நகர்கிறது என்று பாருங்கள். ஒரு செவ்வாய்க்கிழமையைப் புதனாக்கினால் அவன் கடைசி வேட்டைக்குப் போய் ஒரு நாள் கூடிவிடும், கண்ணின் நிறமும் ஒரு படி கறுக்க வேண்டும்.